எந்த நாடு என்பது இரண்டாவது கேள்வி

வாசகரின் கடிதம் ஆறு பக்கம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 41. மென்பொருள் சோதனையாளர். மத்திய ஐரோப்பாவில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 ஆண்டு அனுபவமுள்ள செவிலியர். மகளுக்கு 12 வயது. 70 வயது அம்மாவும் கூடவே இருக்கிறார். நான்கு ஆண்டுகளாக, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு இவர் கணினியில் வரைபடத்தைத் திறந்து, முன்பின் தெரியாத ஊர்களின் தெருக்களில் நடந்துகொண்டிருக்கிறார். கழித்துக் கழித்து மூன்று ஊர்களில் வந்து நிற்கிறார்: போர்ச்சுகலின் லிஸ்பன், நார்வேயின் பெர்கன், நியூசிலாந்தின் நெல்சன். வாடகை, மழை, பள்ளி, உலகத் தரவரிசை என்று எக்செல் தாளில் 34 பத்திகள் நிரம்பியிருக்கின்றன. மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாராம்: “இங்கே உங்களுக்கு என்ன குறை?” அதற்கு மட்டும் பதில் இல்லை என்கிறார்.

திட்டம் தயார். சேமிப்பில் லிஸ்பனில் சிறிய வீடு வாங்கினால் வசிப்புரிமை கிடைத்துவிடும். முதலில் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு சுற்றுலா விசாவில் ஆறு மாதம் இருந்து பார்க்கலாம். மடிக்கணினியில் வேலை தொடரும். எந்த நாட்டிலும் 183 நாட்களைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் வரி கிடையாது. பிடித்துப்போனால் மனைவியும் அம்மாவும் வந்து சேர்ந்துகொள்ளலாம். கேள்விகள் இரண்டு: மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? இப்படி ஓயாமல் கனவு காண்பது ஒரு நோயா?

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். நோய் இல்லை. தூக்கமும் வேலையும் கெடாதவரை, வரைபடத்தில் நடப்பது கிரிக்கெட் பார்ப்பதைப் போல ஒரு பொழுதுபோக்கு. வரைபடம் பார்த்தவர்கள் எல்லோரும் கிளம்பியாக வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் நீங்கள் பொழுதுபோக்கைத் தாண்டி வீடு வாங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் திட்டத்தில் நான்கு தூண்கள் இருக்கின்றன, நான்குமே சட்டப்படி நிற்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1948-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பிரகடனத்தில் 13-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். எந்த நாட்டைவிட்டும் வெளியேறும் உரிமை, சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமை, ஒரு நாட்டின் எல்லைக்குள் நடமாடும் உரிமை எல்லாம் அதில் உண்டு. இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமை மட்டும் இல்லை. புறப்படுவது உங்கள் உரிமை. உள்ளே விடுவது அவர்கள் விருப்பம். அதனால் எந்தக் குடிவரவு அலுவலகத்திலும் “எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா?” என்று யாரும் கேட்பதில்லை. “யாராக வருகிறீர்கள்?” என்றுதான் கேட்பார்கள். ஊழியராகவா, மாணவராகவா, ஏற்கெனவே அங்கே இருப்பவரின் துணைவராகவா, வெளி வருமானத்தில் வாழ்பவராகவா, முதலீட்டாளராகவா, பாதுகாப்பு தேடியா? உங்கள் 34 பத்திகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளில், 1920-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக, யாரும் விசா இல்லாமல் வசிக்கலாம். ஆனால் விமானம் நார்வே வழியாகப் போவதால் அதற்கு ஷெங்கன் விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் பொது விசா, வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் எழாது. தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாதவரை ஆளுநர் திருப்பி அனுப்பிவிடலாம். கதவில்லாத ஒரே வீடு அந்த இடத்தில் இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை.

வீடு வாங்குவது வேறு, வசிப்பது வேறு

போர்ச்சுகலில் வீடு வாங்கி வசிப்பிட அனுமதி பெறும் வழி 2012-இல் திறந்து, 2023 அக்டோபரில் மூடப்பட்டது. முதலீட்டாளருக்குத் தரும் இந்த அனுமதிக்கு ‘கோல்டன் விசா’ என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அதற்குள் வீட்டு மனைக்கு இடமில்லை. ஸ்பெயினும் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு தன் முதலீட்டு விசாவை மொத்தமாக நிறுத்திவிட்டது. நீங்கள் படித்த கட்டுரைகள் பழையவை. அல்லது வீட்டுத் தரகர்கள் எழுதியவை.

நெல்சனில் இதற்கு நேர் எதிர்ச் சிக்கல். நியூசிலாந்து 2018-இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தின்படி, அங்கே வசிப்புரிமை இல்லாத வெளிநாட்டவர் ஏற்கெனவே கட்டிய வீட்டைப் பொதுவாக வாங்கவே முடியாது. கனடாவிலும் 2023 முதல் 2027 தொடக்கம் வரை வெளிநாட்டவருக்கு இப்படி ஒரு தடை. ஜப்பானிலோ யார் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம். மலையடிவாரத்தில் காலியாகக் கிடக்கும் பழைய வீடுகள் மலிவாகவும் கிடைக்கும். வாங்கிய வீட்டில் தொடர்ந்து வசிக்க வேறு ஏதாவது தகுதியில் விசா வேண்டும். பத்திரம் உங்களைச் சொத்துக்காரர் ஆக்கும், குடியிருப்பவர் ஆக்காது. ஆகவே வசிப்பிட அனுமதி கையில் வரும்வரை எங்கும் வீடு வாங்காதீர்கள், முன்பணமும் கட்டாதீர்கள்.

சுற்றுலா விசாவும் மடிக்கணினியும்

ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் இருக்கின்றன. குறுகிய காலத் தங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள்தான். இதை ‘ஆறு மாதத்தில் மூன்று மாதம்’ என்று புரிந்துகொண்டு ஜனவரி, ஜூலை என்று எண்ணுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கணக்கு அப்படிப் போகாது. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாட்களை எண்ணி, அதற்குள் எத்தனை நாள் ஷெங்கனில் இருந்தீர்கள் என்று பார்க்க வேண்டும். வந்த நாளும் போன நாளும் கணக்கில் சேரும். லிஸ்பனில் 90 நாள் முடித்துவிட்டு பெர்கனுக்குப் போனால் புதுக் கணக்கு தொடங்காது, நார்வேயும் ஷெங்கன்தான். விசா வில்லையில் 90-க்கும் குறைவான நாட்கள் எழுதியிருந்தால் அந்த எண்தான் வரம்பு. 2025 அக்டோபர் முதல் முத்திரை குத்துவதற்குப் பதிலாக முகமும் விரல் ரேகையும் பதியும் மின்னணு முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டதால், முத்திரை மங்கலாக விழுந்து தப்பித்த காலமும் போயிற்று. உங்கள் ஆறு மாதத் திட்டத்தில் பாதி நாட்கள் சட்டமீறல். அபராதத்தோடு நுழைவுத் தடையும் வரலாம், பின்னால் கேட்கும் எந்த விசாவிலும் அந்தப் பதிவு எழுந்து நிற்கும்.

அந்த விசாவில் வேலை பார்ப்பது தனிச் சிக்கல். ‘சம்பளம் தருவது வேறு நாட்டு நிறுவனம், எனக்கென்ன’ என்று பலரும் நினைக்கிறார்கள். பல நாடுகளின் சட்டம், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, வேலை செய்யும்போது உடல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. நியூசிலாந்து இதில் தாராளம்: 2025 ஜனவரி 27 முதல் சுற்றுலா விசாவில் வருபவர் வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை பார்க்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்துவிட்டது. 90 நாளைத் தாண்டினால் வரிக் கேள்வி எழலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு.

உங்கள் நிறுவனத்திடம் கேட்டீர்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஒரு ஊழியர் வேறு நாட்டில் உட்கார்ந்து மாதக்கணக்கில் வேலை பார்த்தால், அங்கே சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு கட்ட வேண்டி வரலாம், நிறுவனத்தின் மீதே வரி விழலாம், வாடிக்கையாளர் தரவு எந்த எல்லையைக் கடக்கிறது என்ற ஒப்பந்தச் சிக்கலும் வரலாம். சொல்லாமல் போய், இணைய முகவரி காட்டிக்கொடுத்து வேலை போனால், விசாவுக்கு அடிப்படையான வருமானமும் சேர்ந்தே போகும்.

183 நாள் என்ற மந்திரம்

183 நாள் தங்கினால் பல நாடுகள் உங்களை வரி வசிப்பாளராக, அதாவது வரிக் கணக்கில் தங்கள் நாட்டில் வசிப்பவராக, கொள்ளும் என்பது சரி. தங்காவிட்டால் கொள்ளாது என்பது தவறு. போர்ச்சுகலில், நிலையாகக் குடியிருக்கும் நோக்கம் தெரியும்படி ஒரு வீடு வைத்திருந்தாலே 183 நாளுக்குக் குறைவாக இருந்தும் வரி வசிப்பாளர் ஆகலாம். உங்கள் திட்டப்படி வாங்கும் வீடு விசா தராது, ஆனால் வரியைக் கொண்டுவரலாம். நியூசிலாந்திலும் நிலையான வசிப்பிடம் இருந்தால் நாள் கணக்கு இரண்டாம்பட்சம்தான்.

எந்த நாட்டிலும் 183-ஐத் தொடாமல் சுற்றினால் எங்கும் வரி இல்லை என்பதும் நடக்காது. புறப்பட்ட நாடு உங்களை எளிதில் கைவிடுவதில்லை. குடும்பமும் வீடும் அங்கே இருக்கும்போது நிச்சயம் விடாது. இரண்டு நாடுகளும் உங்களை உரிமை கொண்டாடினால், அவற்றுக்கிடையே இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்கள் வரிசையாக நான்கைக் கேட்கும்: நிரந்தர வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழக்கமாக இருப்பது எங்கே, குடியுரிமை எது. மனைவி ஓர் ஊரில், நீங்கள் ஓர் ஊரில் என்றால் ‘வாழ்க்கையின் மையம்’ எது என்பது வரி அதிகாரியோடு வாதாட வேண்டிய விஷயமாகிவிடும். கிளம்புவதற்கு முன்னால், இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுங்கள்.

மகளை மட்டும் அழைத்துப்போவது

கடிதத்தில் மிகச் சாதாரணமாக எழுதியிருக்கும் வாக்கியம் இது. சட்டப்படி பார்த்தால் இருப்பதிலேயே ஆபத்தான வாக்கியமும் இதுதான். குழந்தைகளை நாடு கடந்து கொண்டுபோவதைப் பற்றிய 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கிடையே, 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரு பெற்றோர் மற்றவரின் சம்மதமின்றி வழக்கமான வசிப்பிடத்திலிருந்து கொண்டுபோவதும், சம்மதித்த காலம் முடிந்த பின் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொள்வதும் ஒரே தவறாகத்தான் பார்க்கப்படும். பாசத்தோடு செய்தீர்களா, கோபத்தில் செய்தீர்களா என்று சட்டம் பிரித்துப் பார்க்காது. ‘பிடித்துப்போனால் அவர்கள் வந்து சேரட்டும்’ என்பது உங்கள் மனதில் அழைப்பு. உங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால், மகளைப் பணயமாக வைத்துக் கேட்கும் கேள்வி. நீங்கள் அப்படி நினைக்கவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இருந்தாலும் பயணத் தேதிகளும் திரும்பும் தேதியும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் இல்லாமல் மகளோடு விமானம் ஏறாதீர்கள். எல்லையில் அதிகாரிகள் அதைக் கேட்பதும் உண்டு.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மூன்று ஊர்களையும் ‘யாராக வருகிறீர்கள்’ என்ற கேள்வியோடு வரிசைப்படுத்தினால் படம் மாறிவிடுகிறது.

லிஸ்பனுக்கு உங்களுக்கு உண்மையிலேயே ஒரு வழி இருக்கிறது. 2022 அக்டோபரில் போர்ச்சுகல் கொண்டுவந்த, தொலைப்பணி செய்பவர்களுக்கான டி-8 விசா. கடந்த மூன்று மாதச் சராசரி வருமானம் அந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தைப் போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். தொலைவிலிருந்து வேலை பார்க்க நிறுவனம் சம்மதிப்பதாக எழுத்தில் வேண்டும். தங்குமிடச் சான்று, காவல்துறைச் சான்று, காப்பீடும் வேண்டும். இதில் இரண்டு வகை: ஓராண்டு வரை தற்காலிகமாகத் தங்குவது ஒன்று, நான்கு மாத விசாவில் உள்ளே போய், அங்கே இரண்டு ஆண்டு வசிப்பிட அனுமதிக்கு மாறுவது மற்றொன்று. குடும்பத்தோடு போக நினைப்பவர் இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். தாமதம் நடப்பது உள்ளே போன பிறகு: அனுமதி அட்டைக்கான சந்திப்புத் தேதி கிடைக்க மாதங்கள் இழுக்கும். அதுவரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வருவதில் சிக்கல் வரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பெர்கனுக்கு உங்கள் தொலைப்பணி ஏறக்குறைய பயன்படாது. நார்வேயில் உள்ள ஒரு நிறுவனம் உங்களுக்கு வேலை தர வேண்டும். மனைவி அங்கே செவிலியராக வேண்டுமென்றால், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே படித்தவர் நார்வே மொழியில் பி-2 நிலையை (வேலையிடத்தில் சரளமாகப் பேசி எழுதும் அளவு) எட்ட வேண்டும், கூடுதல் படிப்புகளும் தேர்வும் முடிக்க வேண்டும். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து பி-2 வரை போக இரண்டு ஆண்டுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

நெல்சனுக்கு நீங்கள் தனியாகப் போவதென்றால் அங்கேயே ஒரு வேலை பிடிக்க வேண்டும். ஐரோப்பிய வேலையை வைத்துக்கொண்டு போனால் கடிகாரம் உங்களைத் தின்றுவிடும். மத்திய ஐரோப்பாவில் காலை 9 முதல் மாலை 5 என்பது ஜூலையில் நெல்சனில் இரவு 7 முதல் அதிகாலை 3 வரை. ஜனவரியில் இரவு 9 முதல் காலை 5 வரை. நாட்டின் வெயில் நிறைந்த ஊர்களில் ஒன்றுக்குப் போய்ப் பகலில் தூங்குவீர்கள். 34 பத்திகளில் நேர வித்தியாசத்துக்கு ஒரு பத்தி இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் அதே நெல்சனுக்கு உங்கள் வீட்டிலேயே இன்னொரு சாவி இருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களை நியூசிலாந்து பசுமைப் பட்டியல் என்று வைத்திருக்கிறது, அதில் பதிவுபெற்ற செவிலியர் முதல் அடுக்கில் இருக்கிறார். அங்கீகாரம் பெற்ற ஒரு நிறுவனத்தில் வேலை உறுதியானால், 55 வயதுக்குள் இருப்பவர் நேரடியாக வசிப்புரிமைக்கே விண்ணப்பிக்கலாம். துணைவரும் பிள்ளையும் அதே விண்ணப்பத்தில் சேர்வார்கள். அதற்கு முன் அந்நாட்டுச் செவிலியர் மன்றத்தில் பதிவு வேண்டும். ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு வழியாகப் போனால் படிப்பது, கேட்பது, பேசுவது மூன்றிலும் 7, எழுதுவதில் 6.5 எடுக்க வேண்டும். பிறகு எழுத்துத் தேர்வு, நேரில் போய்ச் செய்முறைத் தேர்வு.

அதாவது, கனவு காண்பவர் நீங்கள். சாவி வைத்திருப்பவர் கனவு காணாதவர். உங்கள் கடிதம் முழுவதிலும் மனைவி ‘சேர்ந்துகொள்பவராக’ மட்டுமே வருகிறார். திறன் அடிப்படையில் ஆள் எடுக்கும் பல நாடுகளில் விண்ணப்பத்தின் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருக்கும். உங்கள் பெயர் இணைப்பில்.

இதைக் கேட்டதும் இன்று இரவே அவரிடம் போய் “உன்னால்தான் முடியும்” என்று சொல்லிவிடாதீர்கள். அவரிடம் நீங்கள் கேட்பது எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள். நீங்கள் அதே மடிக்கணினியை வேறு மேசையில் வைக்கப்போகிறீர்கள். அவர் 14 ஆண்டு அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தேர்வு எழுத வேண்டும், புது மருத்துவமனையில் புதியவராக இரவுப் பணியில் தொடங்க வேண்டும், வேறு உச்சரிப்பில் பேசும் நோயாளியின் வலியைத் தொலைபேசியில் மருத்துவருக்குப் புரியவைக்க வேண்டும். ‘இங்கே என்ன குறை?’ என்று அவர் கேட்பதை மறுப்பாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது, விலை எவ்வளவு என்று தெரிந்தவர் கேட்கும் கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு நேர்மையாக ஒரு பதில் எழுதிப் பாருங்கள். ‘சலிப்பு’ என்று வந்தால் அதற்கு மருந்து வேலை மாற்றமாக இருக்கலாம். ‘மகளின் படிப்பு’ என்று வந்தால் அவளுக்கு 12 வயது என்பதை மறக்காதீர்கள்: புது மொழியில் பள்ளி மாறுவதென்றால் இன்னும் ஓரிரு ஆண்டுக்குள். பொதுத்தேர்வு ஆண்டுகளில் மாற்றினால் அவள் விலை கொடுப்பாள். ‘வானிலை’ என்று வந்தால் அடுத்த பத்தியைப் படியுங்கள்.

ஷ்கேட், கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் வெயிலுக்குப் பேர்போன கலிபோர்னியாவிலும், குளிர் வாட்டும் நடுமேற்கு மாநிலங்களிலும் ஏறக்குறைய 2,000 மாணவர்களிடம் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் திருப்தி ஒரே அளவு. ஆனால் கலிபோர்னியாக்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரு பக்கத்தாரும் ஊகித்தார்கள். தொலைவிலிருந்து யோசிக்கும்போது ஊர்களுக்கிடையே வேறுபடும் ஒன்றிரண்டு விஷயம் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது, அங்கே வாழ்பவருக்கோ வானிலையைவிட மேலாளரும் முதுகுவலியும்தான் நாளை நிரப்புகின்றன.

தரவரிசைகளும் இப்படித்தான். ‘வாழத் தகுந்த நகரங்கள்’ என்று ஆண்டுதோறும் வரும் எக்கனாமிஸ்ட் குழுமத்தின் பட்டியல் நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு ஆகிய ஐந்தை அளக்கிறது. வாடகையும் விலைவாசியும் அதில் சேராது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியருக்குச் சிரமப்படி எவ்வளவு தருவது என்று நிறுவனங்கள் கணக்கிட உதவும் பட்டியல் அது. உங்கள் வாடகையை நீங்களே கட்டப்போகிறீர்கள்.

அதனால் சோதனைப் பயணம் போங்கள், ஆனால் மோசமான மாதத்தில். லிஸ்பன் என்றால் ஜனவரி: வெளியே இதமாக இருக்கும், பழைய அடுக்ககங்களுக்குள் வெப்பமூட்டும் வசதி குறைவு, சுவரில் ஈரம் ஏறும், போர்வையோடு உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள். பெர்கன் என்றால் டிசம்பர்: பகல் சுமார் ஆறு மணி நேரம், ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. விடுதியில் தங்காமல் குடியிருப்புப் பகுதியில் அறை எடுங்கள். ஷெங்கன் சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது சிக்கல் என்பதால் விடுப்பு எடுத்துப் போங்கள், ஆனால் வேலை நாளைப் போலவே காலத்தைக் கழியுங்கள்: காலையில் ஏதேனும் பள்ளியின் வாசல்வரை பேருந்தில் போய்த் திரும்புவது, மருந்துக்கடையில் உள்ளூர் மொழியில் ஒரு மருந்து கேட்பது, மூன்று வாடகை வீடுகளை நேரில் பார்ப்பது, வீட்டுக்காரர் என்னென்ன காகிதம் கேட்கிறார் என்று குறித்துக்கொள்வது. அங்கே உத்தரவாதம் தர ஆளும் உள்ளூர்ச் சம்பளச் சீட்டும் இல்லாதவரிடம் பல மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம் என்பதை வரைபடம் சொல்லாது. முடிந்தால் மனைவியோடு போங்கள். அவர் ஒரு மருத்துவமனை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது உங்கள் நான்கு ஆண்டு ஆராய்ச்சியைவிட அதிகம் சொல்லும்.

ஒரு மாதத்தில் தெரியாத ஒன்றும் உண்டு. அமெரிக்கா போய்வந்த நார்வே அறிஞர்களை ஆராய்ந்து லிஸ்கார்ட் என்பவர் 1955-இல் எழுதினார்: ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ, 18 மாதத்துக்கு மேலாகவோ இருந்தவர்கள் ஒட்டிக்கொண்டார்கள், இடையில் இருந்தவர்கள்தான் மிகவும் சோர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் திட்டமிட உதவும் கணக்கு இது. முதல் 18 மாதத்துக்கு இங்கிருக்கும் வீட்டை விற்காதீர்கள், வாடகைக்கு விடுங்கள். மனைவியின் செவிலியர் பதிவைக் காலாவதியாகாமல் புதுப்பித்துவிடுங்கள். அவர் விடுப்பில் போக முடியுமா, வேலையை விட்டுத்தான் போக வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். குடும்பம் முழுவதும் திரும்பி வருவதற்கான பயணச் செலவும், இருவருக்குமே வருமானம் இல்லாமல் ஆறு மாதம் ஓட்டும் பணமும் தொடாத கணக்கில் இருக்கட்டும்.

அம்மாவைப் பற்றி. பல நாடுகளின் திறன் விசாக்களில் ‘குடும்பம்’ என்றால் துணைவரும் பிள்ளைகளும்தான், பெற்றோர் வரமாட்டார்கள். நியூசிலாந்தில் நீங்கள் வசிப்புரிமை பெற்ற பிறகு, 2025 செப்டம்பரில் தொடங்கிய பெற்றோர் விசாவில் ஐந்து ஆண்டுவரை அவரை வரவழைக்கலாம், ஆனால் அவருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 70 வயதில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு எந்தக் காப்பீடு ஈடு தரும் என்று இப்போதே விலை கேட்டு வையுங்கள், பல குடும்பங்களின் திட்டம் அந்த விலையைக் கேட்டதும்தான் நிற்கிறது. முதல் ஓராண்டாவது அவர் யாரோடு இருப்பார் என்பதை அவரிடமே கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் குரல் இல்லை.

ஒரு அவசரத்தையும் சொல்லியாக வேண்டும். கனடாவின் புள்ளி முறையில், துணைவரின்றி விண்ணப்பிப்பவருக்கு வயதுக்கான புள்ளி 20 முதல் 29 வயது வரை 110. 37-இல் 66, 41-இல் 39, 45-இல் பூஜ்யம். உங்கள் பட்டியலில் கனடா இல்லை, ஆனால் நீங்கள் வரைபடத்தில் நடந்த நான்கு ஆண்டுகளில் ஒரு கதவு எவ்வளவு சாத்தப்பட்டது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான திறன் விசாக்களும் 45 வயதோடு முடிகின்றன. போவதா வேண்டாமா என்பதை ஆற அமர யோசியுங்கள். காகிதங்களைச் சேர்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், போகாவிட்டாலும் அவற்றால் நஷ்டமில்லை.

காகிதங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் மனைவியின் கல்லூரிக்கு எழுதி, பாடவாரியாகவும் செய்முறைப் பயிற்சி மணிக்கணக்காகவும் விவரம் உள்ள சான்று கேளுங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுக்க அவர்களுக்கு மாதங்கள் ஆகும், தாமதம் பெரும்பாலும் இங்கேதான். அடுத்து இருவரின் பணி அனுபவக் கடிதங்கள்: பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன பொறுப்புகள் என்று நான்கும் இருக்க வேண்டும். ‘நன்றாகப் பணியாற்றினார்’ என்ற ஒற்றை வரி செல்லாது. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட், பட்டம் எல்லாவற்றிலும் பெயரின் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். பிறகு, ஆவணம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்டில் முத்திரை. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் இருந்தால் அந்த ஒற்றை முத்திரை போதும், இல்லாவிட்டால் தூதரகச் சான்றும் வேண்டும். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். முன்பே மொழிபெயர்த்தால் முத்திரையில் உள்ள எழுத்து விட்டுப்போய் மறுபடியும் காசு கட்டுவீர்கள். காவல்துறைச் சான்றையும் மருத்துவப் பரிசோதனையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் ஆயுள் சில மாதம்தான்.

மூன்றில் எது என்று வற்புறுத்திக் கேட்டால் என் கருத்து இது. பெர்கனைக் கனவாகவே வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குத் தொழிலில் மாற்றம் வேண்டாமென்றால், அவர் வேலையை விடாமல் நீண்ட விடுப்பில் வர முடிந்தால் மட்டும், லிஸ்பனில் டி-8 வழியாக ஓராண்டு. மனைவிக்குத் தன் தொழிலிலேயே ஒரு மாற்றம் வேண்டும் என்று தோன்றினால் நெல்சன், அப்போது ஊரைத் தேர்ந்தெடுப்பவரும் அவராகத்தான் இருப்பார், ஏனென்றால் வேலை தரும் மருத்துவமனை எந்த ஊரில் இருக்கிறதோ அங்கேதான் வீடு.

முகவர் யாரையாவது வைத்துக்கொள்வதாக இருந்தால் ஒரு விஷயம். நியூசிலாந்து விசாவுக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்பவர், எந்த நாட்டில் உட்கார்ந்திருந்தாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்நாட்டு உரிமம் பெற்றிருக்க வேண்டும். வழக்கறிஞர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். எண் தர மறுத்தாலோ, விசா நிச்சயம் என்று எழுதித் தர முன்வந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.